ஆவணி மாதத்தில் பெய்த மழை
போர்ப் படங்களும் எமது சாட்சியங்களும்

சரவணையில் எங்கள் பெண்கள் குழு மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கூடும். சேமிப்புக் கொப்பியைச் சரிபார்த்து, சுழற்சிக் கடன் யாருக்கு என்று தீர்மானித்து முடிந்தாலும் ஒருவரும் உடனே எழும்பிப் போவதில்லை. பனையோலையைக் கையோடு கொண்டு வருபவர்கள் பெட்டி இழைத்தபடி இருப்பார்கள். கிணற்றில் ஏறிவிட்ட உப்பு, பிள்ளைகளின் ரியூசன் காசு, ஊர்க் கதை என்று பேச்சு நீளும். அப்படியொரு நாளில்தான், "மிஸ், எல்லாரும் சேர்ந்து ஒரு படம் பார்ப்பமா?" என்று வயதில் இளைய தங்கை ஒருவர் கேட்டார்.

எந்தப் படம் என்பதில் இழுபறி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "எங்கட சண்டையைப் பற்றின படம் போடுங்கோ" என்று ஒருவர் சொல்ல, "கன்னத்தில் முத்தமிட்டால்" என்று இரண்டு மூன்று குரல்கள் ஒன்றாக வந்தன. அடுத்த மாதம் ஒரு புறொஜெக்ரரை இரவல் வாங்கி, சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டிப் படத்தைப் போட்டோம்.

மணிரத்னத்தின் இந்தப் படம் 2002 பெப்ரவரி 14 ஆம் திகதி வெளிவந்தது. எட்டு நாட்கள் கழித்து, பெப்ரவரி 22 இல், அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதனால் எம்மில் பலருக்கு அந்தப் படமும் சமாதான காலமும் ஒன்றாகவே நினைவில் கிடக்கின்றன. கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாங்குளத்தில் திருமணம் செய்த ஷியாமா சண்டைக்குத் தப்பி இராமேஸ்வரம் போகிறாள். அங்கே முகாமில் பெண் குழந்தையைப் பெற்று, விட்டுவிட்டுத் திரும்பி வருகிறாள். சென்னையில் ஒரு குடும்பத்தில் வளரும் அந்தப் பிள்ளை அமுதா, ஒன்பது வயதில் தன் பிறப்பின் உண்மையை அறிந்து, பெற்ற தாயைத் தேடி இலங்கைக்கு வருகிறாள். நந்திதா தாஸ் தாயாகவும் கீர்த்தனா மகளாகவும் நடித்தார்கள். இந்தியாவில் ஆறு தேசிய விருதுகள் கிடைத்த படம்.

முதலில் ஒரே சிரிப்பு. நந்திதா தாசின் யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டு ஒரு சிரிப்பு. பிறகு அந்தக் குடும்பம் மாங்குளத்துக்குப் புறப்பட்டதும், பின்னாலிருந்து ஓர் அம்மா, "உவையிட்டப் பாஸ் கேக்க ஒருத்தரும் இல்லையோ?" என்றார். கூடமே குலுங்கியது. நியாயமான கேள்விதான். 1999 நவம்பர் முதல் 2008 நவம்பர் வரை மாங்குளம் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. ஏ9 பாதை மக்களுக்குத் திறக்கப்பட்டது 2002 ஏப்ரலில். அதற்கு முன்பு, படம் எடுக்கப்பட்ட நாட்களில், வெளிநாட்டுக் குடும்பம் ஒன்று சிறு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய் வருவதென்பது நடக்கிற காரியமா? ஒரு கடிதத்தை அந்தப் பக்கம் சேர்ப்பிக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தானே தெரியும்.

ஆனால் கடைசிக் காட்சி வந்தது. மழை கொட்டிக்கொண்டிருக்க, தாயும் மகளும் எதிரெதிரே நிற்கிறார்கள். பிள்ளை கேள்வி மேல் கேள்வி கேட்கிறது. பாஸ் கேட்ட அதே அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இழைத்துக்கொண்டிருந்த ஓலைகள் எல்லாம் மடியில் விழுந்து கிடந்தன.

படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகு நான் ஒன்றும் பேசவில்லை. அந்த மழைக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதை இதுவரை எழுதியதில்லை. இங்கே எழுதுகிறேன்.

நான் பட்டம் முடித்து வேலைக்கு வந்த புதிதில், காணாமற்போனோர் பற்றிய விசாரணை ஒன்றுக்கு வாக்குமூலம் எழுத உதவி கேட்டு ஓர் அம்மா வந்தார். இப்போது அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர். 1990 ஓகஸ்டில் இராணுவம் தீவுப்பகுதியில் இறங்கியபோது மண்டைதீவு, அல்லைப்பிட்டி, மண்கும்பான் பக்கங்களில் பலர் பிடித்துச் செல்லப்பட்டதும், அவர்கள் திரும்பாததும் நீங்கள் அறிந்ததே. அம்மாவின் கணவரும் அந்த நாட்களில் கொண்டுபோகப்பட்டவர். எனக்கு அப்போது மூன்று வயது. அடுத்த வருடம், 1991 ஒக்டோபரில், எங்கள் தீவு முழுவதும் இராணுவத்தின் கைக்குப் போய் ஊரே இடம்பெயர்ந்தபோது நான்கு வயது. எனது நினைவில் ஒன்றுமே இல்லை. அந்த நாட்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பெரியவர்கள் சொன்னதும் படங்களில் பார்த்ததும்தான்.

அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். "நான் நனைஞ்சுபோய் நிண்டனான் பிள்ளை. அவர் திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டு போனவர்" என்றார். நான் எழுதினேன்: "கொட்டும் மழையில் நான் நனைந்தபடி நின்று பார்த்துக்கொண்டிருக்க, எனது கணவரை இழுத்துச் சென்றார்கள்." வாசித்துக் காட்டியபோது அம்மா அழுதுவிட்டார். நன்றாக எழுதியிருக்கிறேன் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கைநாட்டு வாங்கினேன்.

விசாரணை நாளில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கடதாசியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "ஓகஸ்ட் மாதம் என்கிறீர்கள். ஓகஸ்டில் இந்தப் பக்கம் கொட்டும் மழையா?" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். அம்மாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "மழையோ? ஆவணி மாதத்தில மழை எங்க? நிலம் வெடிச்சுக் கிடந்தது. நான் கிணத்தடியில குளிச்சுக்கொண்டு நிண்டனான். சத்தம் கேட்டு ஈரச் சீலையோட ஓடி வந்தனான்" என்றார். எழுத்தில் ஒன்று, வாயில் ஒன்று. அதன் பிறகு திகதியைப் பற்றி, நேரத்தைப் பற்றி, உடுப்பின் நிறத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் அம்மாவின் குரல் இறங்கிக்கொண்டே போனது. பத்து நிமிடத்தில் எழும்பி வந்துவிட்டோம்.

பஸ்ஸில் வரும்போது அம்மா என்னைக் குறை சொல்லவில்லை. "நான் தெளிவாச் சொல்லேல்லைப் போல" என்றார். அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. அவர் தெளிவாகத்தான் சொன்னார். மழையைக் கொண்டு வந்தவள் நான். எங்கிருந்து கொண்டு வந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடக் காலத்தில் இறுவட்டில் பத்துத் தடவைக்கு மேல் பார்த்த படம் அது. பிரிவு என்றால் மழை என்று எனக்குள்ளே எப்போதோ பதிந்துபோயிருக்கிறது. கூட்டு நினைவு எப்படி உருவாகிறது என்று சமூகவியல் பரீட்சையில் எட்டுப் பக்கம் எழுதியவள்தான் நான். எழுதியதோடு சரி.

பிறகு புதிய சத்தியக் கடதாசி முடித்து, சமாதான நீதவானிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினோம். ஈரச் சீலை, கிணத்தடி, வெடித்த நிலம் எல்லாம் அதில் இருக்கின்றன. அம்மாவுக்கு இன்னும் பதில் வரவில்லை.

இதனால் மணிரத்னத்தின் மீது எனக்குக் கோபம் என்று நினைக்க வேண்டாம். அவர் ஒரு தாயையும் மகளையும் பற்றிக் கதை சொன்னார். விசாரணைக்கு வாக்குமூலம் எழுதவில்லை. பாதை பிழை, பேச்சு பிழை, சரி. பிள்ளையை விட்டுவந்த தாயின் முகத்தில் அந்தக் கடைசி ஐந்து நிமிடமும் இருந்தது பிழையென்று எங்கள் கூடத்தில் ஒருவரும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் ஒரு வீட்டு வரவேற்பறையில் இருப்பவர் மாங்குளம் என்ற பெயரை அந்தப் படத்தால்தான் முதலில் கேட்டிருப்பார். புள்ளிவிபரங்களைக் கேட்டு எவரும் அழுவதில்லை. அழாதவர் அடுத்த கேள்வியைக் கேட்பதுமில்லை. படத்தின் உணர்ச்சிக்கு இந்த வேலை இருக்கிறது, அதை நாம் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் எல்லாப் பிழையும் ஒரே மாதிரியான பிழை அல்ல. பாஸ் இல்லாமல் மாங்குளம் போனதால் உயிரோடிருக்கும் எவருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. வேறு சில பிழைகள் அப்படி இல்லை.

2021 ஜூனில் 'த ஃபமிலி மான்' என்ற இந்தித் தொடரின் இரண்டாவது பாகம் வெளியானது. சமந்தா அதில் ராஜி என்ற ஈழத்துப் பெண் போராளியாக வந்தார். வெளிவருமுன்பே அதைத் தடை செய்யுமாறு தமிழ்நாடு அரசு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியது நினைவிருக்கும். பாலியல் வன்முறைக்கு ஆளாகி, அதன் கோபத்தில் ஆயுதம் எடுத்து, பார்ப்பவரையெல்லாம் கொல்லக்கூடிய இயந்திரம் போல ஒரு பெண். சமந்தாவின் நடிப்பு பேசப்பட்டது. அந்தத் தொடர் கைத்தொலைபேசிகளில் சுற்றிய நாட்களில், எங்கள் வேலைப் பரப்பில் இருக்கும் முன்னாள் போராளி ஒருவரை ஒழுங்கையில் நின்ற பொடியள் "ராஜி அக்கா" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். பகிடிக்குத்தான். அவர் மருத்துவப் பிரிவில் காயத்துக்குக் கட்டுப் போட்டவர். இப்போது கோழி வளர்த்துப் பிள்ளையைப் படிப்பிக்கிறார். "துவக்குத் தூக்கினதாக நினைச்சாலும் பரவாயில்லை அக்கா. என்னை அப்படிச் செய்துபோட்டாங்கள் எண்டெல்லோ இப்ப எல்லாரும் நினைக்கினம்" என்றார். அவருடைய மகள் அதே ஒழுங்கையால்தான் பள்ளிக்கூடம் போகிறாள். சென்னையிலோ மும்பையிலோ எழுதப்பட்ட ஒரு காரணம், இங்கே ஒரு பெண்ணின் உடம்பின் மீது வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் தரப்பை உயர்த்திப் பிடித்து எடுத்த படங்கள் மட்டும் உண்மையை முழுதாகச் சொல்லிவிட்டனவா? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டதையும், பிள்ளைகள் இயக்கத்துக்குப் பிடிக்கப்பட்டபோது தாய்மார் பின்னால் ஓடியதையும் அந்தப் படங்களில் தேடிப் பாருங்கள். பார்ப்பவர் நெஞ்சு நிமிர வேண்டும் என்று தீர்மானித்த பிறகு, நெஞ்சைக் குனிய வைக்கும் எதற்கும் அங்கே இடம் கிடைப்பதில்லை.

எங்கள் தீவின் ஆளே நடித்த ஒரு படமும் இருக்கிறது. அல்லைப்பிட்டியைச் சேர்ந்த எழுத்தாளர் ஷோபாசக்தி முக்கிய வேடத்தில் நடித்த 'தீபன்'. பிரெஞ்சு இயக்குநர் ஜக் ஓடியார் எடுத்தது. 2015 இல் கான் விழாவின் மிக உயர்ந்த விருதான தங்கப் பனையோலை அதற்குக் கிடைத்தது. (பனையோலை என்றதும் எங்கள் பெண்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.) ஒருவரையொருவர் அறியாத ஓர் ஆண், ஒரு பெண், ஒரு சிறுமி மூவரும் இறந்துபோன ஒரு குடும்பத்தின் பெயரில் அப்பா, அம்மா, மகளாகப் பிரான்ஸ் போய்ச் சேர்கிறார்கள். இந்தப் பகுதி எவ்வளவு உண்மை என்று வெளிநாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிய எந்தத் தாயிடமும் கேளுங்கள். "என்ர தங்கச்சி இருபது வருசமா வேறொருத்தியின்ர பேரிலதான் சீவிக்கிறாள்" என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார். ஆனால் படத்தின் முடிவில் அந்த அகதி ஆயுதத்தோடு படிக்கட்டு ஏறிப் போதைப்பொருள் கும்பலைத் துவம்சம் செய்கிறார். பரபரப்பாகத்தான் இருக்கிறது. பாரிசில் உணவகத்தில் கோப்பை கழுவி, உண்டியலில் காசு அனுப்பும் எங்கள் உறவுகளில் எத்தனை பேர் அப்படிச் செய்தார்கள்? இரண்டு மணி நேரமும் சிறு விடயங்களில் அவ்வளவு கவனமாக இருந்த படம், உச்சக்கட்டம் என்று வந்ததும் எங்களை விட்டுவிட்டு வேறு ஏதோ படத்துக்குள் போய்விட்டது.

கொஞ்சக் காலத்துக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் இளைஞர் எங்களிடம் வந்தார். குறும்படம் எடுக்கப் போகிறாராம், காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவி பற்றி. நல்ல பொடியன், மரியாதையாகப் பேசினார். அந்த அம்மாவையும் இன்னும் மூன்று பேரையும் சந்தித்தார். எல்லாம் கேட்டு முடித்த பிறகு, "அம்மா கடற்கரையில நடந்து வாற மாதிரி ஒரு காட்சி எடுக்கலாமோ? வெள்ளைச் சீலை உடுத்தினால் கடலோட நல்லா எடுபடும்" என்றார்.

நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மாதான் பதில் சொன்னார். "தம்பி, நான் பொட்டு அழிச்சனானோ?"

இளைஞருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெளியே கூட்டிக்கொண்டு போய் விளங்கப்படுத்தினேன். கணவர் இறந்துவிட்டார் என்று ஒருவரும் அம்மாவிடம் சொன்னதில்லை. உடல் இல்லை, கடிதம் இல்லை. மரணச் சான்றிதழ் எடுத்தால் கொடுப்பனவு கிடைக்கும் என்று எத்தனையோ தடவை சொல்லியும் அவர் எடுக்கவில்லை. இந்த முப்பத்தைந்து வருடமும் காலையில் எழும்பிப் பொட்டு வைக்கிறார். நல்ல காரியங்களுக்குப் போனால் ஊர் ஒரு மாதிரிப் பார்க்கிறது என்று தெரிந்தும் வைக்கிறார். அவருக்கு வெள்ளைச் சீலை உடுத்திக் கடற்கரையில் நடக்கவிட்டால், அரசாங்கம் சொல்லாத தீர்ப்பைப் படம் சொல்லிவிடும். பார்ப்பவர்கள் ஒரு விதவைக்காக இரங்குவார்கள், பிறகு விட்டுவிடுவார்கள். இறந்தவருக்கு அழுது முடிக்கலாம். காணாமல் ஆக்கப்பட்டவர் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இளைஞர் கோபித்துக்கொள்ளவில்லை. கொப்பியில் ஏதோ எழுதினார். படம் எடுத்தாரா என்று தெரியவில்லை. தொலைபேசி இலக்கம் மாறிவிட்டது போலிருக்கிறது.

உலகத்தில் இதை வேறு மாதிரிச் செய்தவர்களும் உண்டு. யூத மக்களின் அழிவைப் பற்றி ஸ்பீல்பேர்க் 1993 இல் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' எடுத்தார். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு சிறுமியின் சட்டை மட்டும் சிவப்பு. பார்ப்பவரை உலுக்குவதற்காகச் செய்த கலை அது. அவர் அதோடு நிற்கவில்லை. அடுத்த வருடமே ஒரு நிறுவனத்தை ஆரம்பித்து, உயிர் தப்பியவர்களின் சாட்சியங்களை அவர்களின் வாயாலேயே ஒளிப்பதிவு செய்ய வைத்தார். 50,000 இற்கும் மேற்பட்ட சாட்சியங்கள் சேர்ந்தன. படம் ஒரு பக்கம், சாட்சியம் இன்னொரு பக்கம், இரண்டும் தனித்தனியே. எங்களுக்கு 1985 மே 15 இல் குமுதினிப் படகில் நடந்ததற்கே, இறந்தவர் எத்தனை பேர் என்பது ஒவ்வொரு பதிவிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. நெடுந்தீவில் அதை நேரில் கண்டவர்களுக்கு வயதாகிக்கொண்டு போகிறது. நாளை ஒருவர் அதைப் படமாக எடுத்து, கடலையும் கத்தியையும் காட்டி எங்களை அழவைத்தால், அதற்குப் பிறகு நாங்கள் நினைவில் வைத்திருக்கப் போவது எதை? அன்று நடந்ததையா, அந்தப் படத்தையா?

அதனால்தான் எங்கள் குழுவில் இப்போது ஒரு பழக்கம் தொடங்கியிருக்கிறோம். ஒவ்வொருவரும் தன் கதையைத் தன் பேச்சிலேயே சொல்ல, தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்கிறோம். எழுதும்போது சொன்ன சொல்லை மாற்றுவதில்லை. "நனைஞ்சுபோய்" என்றால் எதனால் நனைந்தது என்று கேட்கிறோம். மாதம், கிழமை, வெயிலா மழையா, என்ன சமைத்த நாள், எந்தக் கோயில் திருவிழாவுக்கு முன்பா பின்பா என்றெல்லாம் கேட்கிறோம். எழுதியதைச் சத்தமாக வாசித்து, "இது நீங்கள் கண்டதா, ஆரும் சொன்னதா, எங்கேயும் பார்த்ததா?" என்று ஒரு கேள்வி. முதலில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. "எங்களை நம்பேல்லையோ?" என்றார்கள். அந்த அம்மாதான் அவர்களுக்குத் தன் மழைக் கதையைச் சொன்னார். அவர் சொல்லும்போது நான் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டேன்.

படம் பார்த்த அன்று நிறைய நேரம் பேசிக்கொண்டிருந்தோம். சண்டையே காட்டாத ஒரு சண்டைப் படம் இருக்கிறது என்று நான் பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' பற்றிச் சொன்னேன். 1997 இல் எடுக்கப்பட்ட சிங்களப் படம். 2000 ஆம் ஆண்டில் அரசாங்கம் திரையிட விடாமல் நிறுத்தி வைத்தது. உயர் நீதிமன்றம்வரை போய்த்தான் 2001 இல் வெளியே வந்தது. இராணுவத்துக்குப் போன மகனின் உடல், முத்திரை வைத்து மூடிய பெட்டியில் கிராமத்துக்கு வருகிறது. திறக்கக் கூடாது என்று சொல்கிறார்கள். கண் தெரியாத தகப்பன் வன்னிஹாமி மகன் இறந்ததை நம்ப மறுக்கிறார். நட்டஈட்டுப் படிவத்தில் கையெழுத்து வைக்க மறுக்கிறார். வீட்டில் கடன், மகளுக்குத் திருமணம் நடக்க வேண்டும், எல்லோரும் நெருக்குகிறார்கள். கடைசியில் கிழவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதைகுழியைத் தோண்டுகிறார். பெட்டிக்குள் வாழைக்குற்றியும் கல்லும்.

கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. எந்தத் திகதியும் எந்தப் போர்க்களத்தின் பெயரும் இல்லாத கதை. ஆனாலும் அந்தப் படிவத்தை எங்கள் பெண்களுக்குத் தெரியும்.

"அந்தாளுக்கு ஒரு பெட்டியாவது வந்துது" என்றார் ஒருவர்.

"தமிழில எழுத்துப் போடுவினமோ?" என்று அம்மா கேட்டார். தெரியவில்லை, இல்லாவிட்டால் சிங்களம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் இருத்திச் சொல்ல வைக்கலாம் என்றேன். அடுத்த மாதத்துக்கு அந்தப் படம்தான் என்று தீர்மானமாகிவிட்டது. புறொஜெக்ரரை மீண்டும் இரவல் கேட்க வேண்டும். படுக்கை விரிப்பு மட்டும் கொஞ்சம் பெரிதாக வேண்டும் என்றார்கள், பின்னாலிருந்தவர்களுக்குக் கரை தெரியவில்லையாம்.